எந்த வயித்துவலி?

“எந்த வயித்துவலி தாயி?”

மெடிக்கல் அண்ணாச்சி சாதாரணமாகத்தான் கேட்டார். செரிக்காமல் வரும் வலிக்கு ஒரு மாத்திரை, பேதியோடு வரும் வலிக்கு ஒன்று, மாதாமாதம் வரும் வலிக்கு இன்னொன்று. எந்த டப்பாவைத் திறப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அது 1993, கோவில்பட்டி. அவளுக்குப் பதினான்கு வயது. கடையில் இன்னும் மூன்று ஆண்கள் நின்றார்கள்; அதில் ஒருவர் அவளுடைய பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அவள் வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கை வியர்வையில் நனைந்த ஐந்து ரூபாய்த் தாளைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு அவரும் பேசவில்லை. ஓர் அட்டையை உருவினார். கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரைகளை நறுக்கினார். தினசரித் தாளில் சுருட்டி, அதற்கு மேல் கறுப்புக் கவரும் போட்டு நீட்டினார். சாப்பிட்டுவிட்டுப் போடுவதா, வெறும் வயிற்றிலா, ஒன்றா இரண்டா, எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளை கூச்சப்படுகிறது, சீக்கிரம் அனுப்பிவிடுவோம் என்று நினைத்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தாள். கத்தரிக்கோல் அட்டையில் கோணலாக ஓடியிருந்தது. மருந்துப் பெயரின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள், விலையில் பாதி, ஏதோ ஓர் எண்ணின் வால். அவ்வளவுதான் அவளிடம் வந்திருந்தது. பெயரும் காலாவதித் தேதியும் அண்ணாச்சியின் டப்பாவில் தங்கிவிட்டன. அடுத்த மூன்று வருடம், மாதாமாதம், பெயர் தெரியாத அந்த மாத்திரையைத்தான் அவள் விழுங்கினாள்.

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள். எத்தனை சட்டம் அடுக்குகிறாளோ அத்தனைக்குத்தான் கூலி. தூரமான நாட்களிலும் கிளம்பிப் போவாள், முந்தானை முடிச்சில் ஒரு தலைவலி மாத்திரையோடு. மகள் பாயில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால், “பொறுத்துப் பாரு. தாங்கவே முடியலைன்னா போடு. மாத்திரையப் பழக்கப்படுத்திக்கிட்டா பின்னாடி கர்ப்பப்பைக்கு ஆகாது” என்பாள். அந்த வீட்டில் மட்டுமல்ல, தெருவிலேயே அதுதான் சட்டம்.

ஆச்சியின் வழி வேறு. இரும்புச் சட்டியில் கல்லுப்பைப் போட்டு, படபடவென்று பொரிகிற வரை வறுப்பாள். பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிந்து, முதலில் தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்ப்பாள். பிறகு பேத்தியின் அடிவயிற்றில் ஒற்றி ஒற்றி எடுப்பாள். உப்பு ஆறினால் மறுபடியும் சட்டிக்குப் போகும். கூடவே சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்ட கஷாயம். “இப்ப எப்படிட்டி இருக்கு?” என்று அரை மணிக்கு ஒரு தரம் கேட்பாள். அந்த வீட்டில் அந்த வலியைப் பற்றி வாய் திறந்து கேட்ட ஒரே ஆள் ஆச்சிதான்.

1996 மார்ச். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு. உயிரியல் தேர்வுக்கு முந்தின இரவு வலி தொடங்கியது. அம்மா சொன்னபடி பொறுத்துப் பார்த்தாள். நள்ளிரவு தாண்டி ஒரு மாத்திரை போட்டாள். விடிகாலையில் வாந்தி. தேர்வுக்குக் கிளம்பும்போது, வெறும் வயிற்றில், பயத்தில், இரண்டு மாத்திரைகளை ஒன்றாக விழுங்கிவிட்டுப் போனாள். வலி ஒருவழியாக அடங்கியது. ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வினாத்தாளைப் பிரித்தால் எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கித் தெரிந்தன. தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்தால் கொஞ்சம் தெளிந்தது. கிட்டே கொண்டுவந்தால் மறுபடி கலங்கியது. கண் போய்விட்டது என்றே நினைத்தாள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை, “என்னம்மா?” என்றபோதும், “ஒண்ணுமில்ல மிஸ்” என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. தெரிந்த கேள்விகளைக்கூடத் தடவித் தடவித்தான் எழுதினாள்.

டாக்டர் ஆக வேண்டும் என்று நினைத்திருந்தவளுக்கு மதிப்பெண் அதற்குப் போதவில்லை. மதுரையில் டி.ஃபார்ம் சேர்ந்தாள்.

இரண்டாவது வருடத்தில் மருந்தியல் வகுப்பு. டைசைக்ளோமின் என்கிற மருந்தைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார்கள். குடல் தசையின் பிடிப்பைத் தளர்த்தும் மருந்து. மாதவிடாய் வலிக்கான மாத்திரைகளில் வலிநிவாரணியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். பக்கவிளைவுகள்: வாய் உலர்தல், கிட்டத்தில் இருப்பவை மங்கலாகத் தெரிதல். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தேர்வு அறை, கை நீட்டிப் பிடித்த வினாத்தாள், ஒட்டிக்கொண்ட நாக்கு எல்லாம் பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் அச்சாகி இருந்தன. சாப்பிட்டுவிட்டு ஒன்று போடு, கண் மங்கினால் பயப்படாதே, சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். பத்து விநாடி பிடித்திருக்கும்.

அதே வருடம்தான் அண்ணாச்சியின் கேள்விக்கும் விடை கிடைத்தது. கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. பிழியும்போது தசைக்குள் ஓடும் ரத்தம் குறைகிறது. ரத்தம் குறைந்த தசை வலிக்கிறது. மாதவிடாய் ரத்தத்தில் தசையைச் சுருங்க வைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பிரிட்டனைச் சேர்ந்த வெர்னன் பிக்கிள்ஸ் 1957-இலேயே எழுதினார். ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் காட்டினார். 1982-இல் அவருக்கும் இரண்டு சுவீடன் விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புரோஸ்டாகிளாண்டின் அதிகமாகச் சுரக்கும்போது குடலையும் விட்டுவைப்பதில்லை. அதனால்தான் பல பெண்களுக்கு அந்த நாட்களில் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி எல்லாம் கூட்டமாக வருகின்றன. பொறுமையில்லாத பெண்ணின் புலம்பல் என்று தெரு பேசிய வலிக்கு வேதியியல் பெயர் இருந்தது. அன்று ஹாஸ்டலுக்கு நடந்து வருகையில் அவளுக்கு அழுகை வந்தது. ஆறுதலா கோபமா என்று பிரித்துச் சொல்ல அவளுக்கு இன்றும் தெரியாது.

தெருவின் சட்டம் தலைகீழாக இருந்தது என்பதும் அங்கேதான் புரிந்தது. மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் புதிதாக உருவாவதைத் தடுப்பவை. ஏற்கெனவே சுரந்து தசையைப் பிடித்துவிட்டதை அவை துடைத்து எடுப்பதில்லை. ராத்திரி முழுக்கப் பொறுத்துப் பார்த்து, தாங்க முடியாமல் போன பிறகு போட்டால் மாத்திரை பின்னால் ஓடி ஓடித்தான் பிடிக்க வேண்டும். உதிரம் பட்டதும், அல்லது வலி லேசாகத் தலைகாட்டியதும், சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்வதுதான் முறை. இரண்டு மூன்று நாளைக்கு மேல் வழக்கமாகத் தேவைப்படாது. அம்மா பயந்ததுபோல், அளவோடு போட்டால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டிய இடம் இரைப்பை. அதன் உள்சுவரைக் காப்பதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். மாத்திரை அதையும் சேர்த்துக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் போடாதே என்பதன் காரணம் இது.

ஆச்சியும் தப்பு செய்யவில்லை. அடிவயிற்றில் 39 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இதமான சூட்டைத் தொடர்ந்து வைத்திருந்தால், 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனுக்கு இணையாக வலி தணிகிறது என்று 2001-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 2009-இல் ஈரானில் கல்லூரி மாணவிகளிடம் இஞ்சிப் பொடியையும் மெஃபனாமிக் அமிலத்தையும் ஐபுப்ரோஃபெனையும் ஒப்பிட்டுப் பார்த்து, மூன்றும் ஒன்றுபோல வேலை செய்ததாகச் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்து மருந்தை வீச வேண்டாம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது ஆச்சி உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவளிடம்தான் முதலில் படித்துக் காட்டியிருப்பாள்.

ஹாஸ்டலில் ஒரு நீலக் கேப்ஸ்யூல் வலம் வந்தது. அறைக்கு அறை கைமாறும். போட்டால் வலி போய், உடம்பு மிதக்கிற மாதிரி ஒரு தூக்கம் வரும். வருங்கால மருந்தாளுநர்கள் நிறைந்த விடுதியில்கூட அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிஃபீன் இருந்தது. அபின் குடும்பத்து மருந்து. இதயத்துடிப்பைக் குலைக்கிறது என்று 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை எடுத்தார்கள். 2013 மே மாதம் இந்திய அரசும் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்தி வைத்தது. அவள் அந்தக் கேப்ஸ்யூலை எத்தனை முறை போட்டாள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறாள். ஏழு.

1999-இல் கோரிப்பாளையம் பக்கம் ஒரு மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்தாள். நடுவில் கல்யாணம், குழந்தை என்று நான்கு வருடம் போனது. மற்றபடி இன்றுவரை கவுண்டருக்குப் பின்னால்தான் நிற்கிறாள். வருகிறவர்கள் வலியின் பெயரைச் சொல்வதில்லை என்பது மட்டும் மாறவே இல்லை. “அதுக்கு ஒரு மாத்திரை” என்பார் ஒரு கணவர். “தங்கச்சிக்கு... வயித்துவலி” என்று பாதியில் நிறுத்துவான் ஒரு பையன். பெண்கள் என்றால் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். அவள் அவர்களைத் தள்ளி அழைத்துப் பேசுவாள். ஆண்கள் வந்தால் அதே குரலில், அதே வார்த்தைகளைச் சொல்லி, “வீட்ல போய் இதையே சொல்லணும், சரியா?” என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையைக் கையில் கொடுப்பாள்.

அடிக்கடி வரும் கேள்வி, “எது நல்லாக் கேக்கும்?” என்பது. மெஃப்டாலா, புரூஃபெனா என்று கம்பெனிப் பெயர் சொல்லியே கேட்பார்கள். இந்த வகை வலிநிவாரணிகள் பற்றிய 80 ஆய்வுகளை, 5,820 பெண்களின் அனுபவத்தை, 2015-இல் காக்ரேன் அமைப்பு ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. வெற்று மாத்திரையைவிட இவை தெளிவாக நன்றாகக் கேட்கின்றன. ஆனால் இதில் இதுதான் உசத்தி என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆகவே அவள் கேட்பது வேறு. வீசிங் உண்டா? அல்சர்? கிட்னியில் கோளாறு? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா? தள்ளிப்போயிருக்கிறதா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் இந்த வகை மாத்திரை கிடையாது. பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், டாக்டர். மழைக்காலம் வந்தால் கூடுதலாக ஒரு கேள்வி: காய்ச்சல் இருக்கிறதா? டெங்குக் காய்ச்சலில் மெஃபனாமிக் அமிலமும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. மெஃபனாமிக் அமிலம் ஷெட்யூல் எச் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். ஊரெங்கும் அது கடலை மிட்டாய்போல விற்பனையாகிறது. பிரிட்டன் 1983-இலும் அமெரிக்கா 1984-இலும் ஐபுப்ரோஃபெனைச் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தபோது, மாத்திரையின் அளவை 200 மில்லிகிராமாக வைத்து, யார் போடக் கூடாது, ஒரு நாளைக்கு எத்தனை என்று பெட்டியிலேயே அச்சிட்டு விற்றார்கள். இங்கே சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை, நறுக்கிய அட்டை மட்டும் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவளை ஒவ்வொரு மாதமும் டாக்டரிடம் அனுப்ப முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் எல்லோரிடமும் ஒன்றை வற்புறுத்துகிறாள்: ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பணம் கேட்க மாட்டார்கள்.

2019 கோடையில் ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் வேலை, விடுதியிலேயே தங்கல். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, அட்டை எதுவும் இல்லாத இரண்டு மாத்திரைகளைக் கண்ணாடி மேல் வைத்தாள். “அக்கா, இது என்ன மாத்திரைன்னு பாத்துச் சொல்லுங்களேன். வயித்துவலின்னா சூப்பர்வைசர் தருவாங்க. மூணு மாசமா உதிரம் ஒழுங்கா வரல.” கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் ஒன்றுமில்லை. இத்தனை வருட அனுபவம் இருந்தும், “தெரியலம்மா” என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த ஜூன் மாதமே தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வுச் செய்தி வந்தது: தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசியிருந்தார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயரோ தேதியோ இல்லாத மாத்திரைகளை வேலையிடத்தில் கொடுத்தார்கள் என்று அத்தனை பேரும் சொல்லியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் உடல்நலம் கெட்டதாகவும் சொன்னார்கள். வலியில் எழுந்து நின்றால் உற்பத்தி குறையும். அதற்காக ஒரு மாத்திரை. அம்மாவின் முந்தானை முடிச்சு நினைவுக்கு வந்தது. அம்மாவாவது தானே வாங்கி முடிந்துகொண்டாள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை போட்டிருந்த ஒரு பெண் மாதம் ஓர் அட்டை வாங்குவார். பிறகு இரண்டு அட்டை ஆனது. தூரமாவதற்கு ஐந்து நாள் முன்பே வலி தொடங்குகிறது, மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுகிறது, கல்யாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். “இனி உங்களுக்கு மாத்திரை கிடையாது. முதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்றாள். அந்த அம்மாவுக்குக் கோபம். வேறு கடையில் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து ஸ்கேன் தாளை நீட்டினார். சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட். எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருக்கும் சவ்வைப் போன்ற திசு வெளியே வளரும் நோய். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது என்றும், கண்டுபிடிக்கவே 4 முதல் 12 வருடம் தாமதமாகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும் வலி, தூரமில்லாத நாளிலும் வரும் வலி, தாம்பத்தியத்தில் வரும் வலி, மாத்திரைக்கு அடங்காத வலி ஆகியவற்றைக் கடையில் வாங்கும் மாத்திரையால் மூடிவைக்கக் கூடாது. அந்த மாதங்களில் அட்டை அட்டையாகக் கொடுத்தது தன் கைதானே என்ற வருத்தம் அவளுக்கு இன்றும் உண்டு. அதிலிருந்துதான், ஒரே ஆள் இரண்டாவது அட்டை கேட்டால் ஏன் என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

2023 டிசம்பரில் கடைக்கு ஓயாமல் போன். மெஃபனாமிக் அமிலம் பற்றி இந்திய மருந்தியல் நூல் ஆணையம் எச்சரிக்கை விட்டிருந்தது. டிரெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒவ்வாமை: மருந்து போட்டு இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, நெறிகட்டுதல், கல்லீரல் முதலான உள்ளுறுப்புகளுக்குப் பாதிப்பு. மிக அரிதாக வருவது. வந்தால் உயிருக்கே ஆபத்து. “தூக்கிப் போட்டுரவாக்கா?” என்று கேட்டார்கள். வேண்டாம், தடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அந்த நிமிடமே மாத்திரையை நிறுத்திவிட்டு அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். அட்டையோடு என்பதை இரண்டு முறை சொன்னாள். ஆனால் பலரிடம் இருந்தது பெயர் போன பாதி அட்டை.

அவளுடைய மகளுக்கு இப்போது பதினாறு வயது. போன மாதம் மகளே கடைக்கு வந்து, நாலு பேர் நிற்கும்போது, “அம்மா, பீரியட்ஸ் வலி, மாத்திரை குடு. சாப்ட்டாச்சு” என்றாள். நின்றவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள்.

கவுண்டரில் அவள் வைத்திருக்கும் கத்தரிக்கோலுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயரும் தேதியும் அச்சிட்ட முனையைக் கடைசிவரை விட்டுவைத்து, மறுமுனையிலிருந்துதான் நறுக்கும். கொடுக்கும் துண்டில் பெயர் இல்லையென்றால் கவரின் மேல் பேனாவால் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் எழுதிவிடுவாள். எல்லாக் கடையிலும் இப்படிச் செய்வதில்லை. அடுத்த முறை உங்களுக்கு இரண்டு மாத்திரை நறுக்கிக் கொடுத்தால், நகராமல் நின்று கேளுங்கள்: பேர் என்ன, தேதி என்ன, எப்போ போடணும். கவர் மேல் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்.